முதல்ல கை வைக்காதே!

(கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முகப்பை ஒட்டிய கார் ஷெட்டில் கறுப்பு நிற செடான் ஒன்று நிற்கிறது. வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆச்சி ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்க, காரைக்குடியிலிருந்து வந்த பாலிஷ் தம்பி இரண்டு வாளித் தண்ணீரோடு காரைக் கழுவுகிறார்.)

ஆச்சி: காலையிலதானே டிரைவர் கழுவினான்? மறுபடி எதுக்குப்பா? போர் தண்ணின்னா சும்மாவா வருது, கரண்டுக்குக் காசு ஆகுதுல்ல.

தம்பி: அவரு கழுவின அழகைப் பார்த்துட்டுத்தான் ஆச்சி கழுவுறேன். ஒரே வாளி, ஒரே துணி. டயரைத் துடைச்ச துணியாலயே பானெட்டையும் துடைச்சிருக்காரு. இங்கன வந்து டார்ச் வெளிச்சத்துல பாருங்க.

ஆச்சி: அடியாத்தீ! வட்டவட்டமா வலை பின்னிக் கிடக்கே!

தம்பி: கோடு எல்லாத் திசையிலயும் இருக்கு. வெளிச்சத்தைச் சுத்தி மட்டும் மின்னுறதால வட்டமாத் தெரியுது. தினம் காலையில வறட்டுத் துணியால தூசி தட்டுறாருல்ல, நம்ம செம்மண் புழுதிய வச்சு அவரே தேய்ச்ச கோடுதான் இம்புட்டும். இது போயிரும். ஆனா பானெட் நடுவுல முழு வட்டமா ஒரு கீறல் இருக்கே, அது டிரைவர் வேலை இல்லை.

ஆச்சி: (குரலைத் தாழ்த்தி) நிச்சயத்தன்னைக்குச் சாமான் இறக்கையில பித்தளை அண்டாவை ஒரு நிமிஷம் அதுமேல வச்சோம்.

தம்பி: வச்சது மட்டுந்தானா?

ஆச்சி: கொஞ்சம் திருப்பினோம். பேரு வெட்டின பக்கம் முன்னாடி தெரிய வேண்டாமா?

தம்பி: அந்த வட்டத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க.

ஆச்சி: பாதி வட்டத்துல வழுக்கிட்டுப் போகுது. இந்தப் பக்கம் மாட்டுதே.

தம்பி: வழுக்குற பாதி போயிரும். மாட்டுற பாதி மங்கும், முழுசாப் போகாது. தண்ணி தெளிச்சதும் கண்ணுக்கு மறையுற கோடுன்னா மேல இருக்கிற கிளியர்ங்கிற நிறமில்லாத பூச்சுலதான் இருக்கு. தண்ணியிலயும் வெள்ளையாத் தெரிஞ்சா அடி வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம்.

ஆச்சி: அதெல்லாம் எனக்குத் தெரியாது. காசு கொடுக்கிறேன், முழுசாப் போகணும்.

தம்பி: போக வைக்கலாம் ஆச்சி, அதோட சேர்ந்து பெயிண்டும் போயிரும். (பையிலிருந்து பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டரை எடுத்து பானெட்டில் வைக்கிறார்.) 112 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான். இந்த 112-க்குள்ளதான் தகட்டை ஒட்டின துருத்தடுப்புப் பூச்சு, ப்ரைமர், கலர், அதுக்கு மேல கிளியர், நாலும் அடக்கம். கிளியர் மட்டும் சுமாரா 40 இருக்கும். வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்துறதே அதுதான். நான் தேய்க்கப் போறது அந்த 40-லதான்.

ஆச்சி: அப்ப 40-ம் கையிருப்பு.

தம்பி: கையிருப்புதான், ஆனா மொத்தத்தையும் எடுக்க முடியாது. நாலஞ்சு மைக்ரானுக்கு மேல போனா கொஞ்ச வருஷத்துலயே கிளியர் வெளுத்துத் தோல் உரியலாம்.

ஆச்சி: ஓ! இது முதலு. வட்டியில சாப்பிடலாம், முதல்ல கை வைக்கக் கூடாது. இதை அப்பவே சொல்ல வேண்டியதுதானே! யாரங்கே, அந்தப் பேரேட்டை எடுத்தா! பானெட், ஆரம்ப இருப்பு 112. அப்புறம்?

தம்பி: கூரை 118. வலது முன்கதவு 121. டிக்கி 115. பம்பர்ல காட்டாது ஆச்சி, அது பிளாஸ்டிக்கு. இந்த மீட்டர் உலோகத்துக்கு மேலதான் அளக்கும். இடது பின்கதவு... (மறுபடி வைக்கிறார். தள்ளி வைக்கிறார்.) 310.

ஆச்சி: அட, இந்தக் கதவுல இம்புட்டுச் சேமிப்பா!

தம்பி: சேமிப்பு இல்லை ஆச்சி. அடிபட்டு, டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, மறுபடி பெயிண்ட் அடிச்ச கதவு. உள்ள எவ்வளவு பட்டி, மேல எவ்வளவு கிளியர்னு மீட்டருக்குத் தெரியாது. 310 இருக்கேன்னு தைரியமாத் தேய்ச்சா, மேல 20-தான் இருந்துச்சுன்னு தேய்ச்ச பிறகு தெரியும்.

ஆச்சி: தீபாவளிக்கு என் மகன் திருச்சிக்குப் போயிட்டு வந்தான். "ஒண்ணும் ஆகலை ஆத்தா, சும்மா சர்வீஸுக்கு விட்டிருக்கேன்"னான். நாலு நாள் கழிச்சு வண்டி வந்துச்சு. சரி, எழுதிக்கிறேன். இடது பின்கதவு, 310, கள்ளக்கணக்கு.

தம்பி: நான் ஒண்ணும் சொல்லலை ஆச்சி.

ஆச்சி: நீ ஏன் சொல்லப் போற, மீட்டரு சொல்லிருச்சு. இதுல எது மிஷினு? எங்க டிரைவர்கிட்ட ஒண்ணு இருக்கு, கம்பி வெட்டுறது. அதுல பஞ்சு மாட்டித் தேய்ச்சா ஒரு மணி நேரத்துல முடியுமாமே.

தம்பி: பத்து நிமிஷத்துல முடியும் ஆச்சி, கார் முடிஞ்சிரும். அந்தக் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து. பாலிஷுக்கு 1,000-லருந்து 1,800 போதும். இந்தா பாருங்க, இது ரோட்டரி. ஒரே அச்சுல சுத்தும், வேகமா வெட்டும், அதாவது கிளியரைத் தேய்ச்சு எடுக்கும். ஆனா ஒரே இடத்துல ரெண்டு விநாடி நின்னாச் சூடேறிப் பெயிண்டைப் பொசுக்கிரும். பானெட் மடிப்பு, கதவு விளிம்பு இங்கெல்லாம் பெயிண்ட் மெல்லிசா இருக்கும், முதல்ல அங்கதான் தகடு தெரியும். பொசுங்காமத் தப்பினாலும், வெயில்ல நிறுத்தினா மயில் தோகை விரிச்ச கணக்கா ஒரு கோலம் தெரியும். கறுப்பு வண்டியில ரொம்பவே தெரியும்.

ஆச்சி: அப்ப அதை ஏன் தூக்கிட்டு வந்த?

தம்பி: வாட்டர் பேப்பர், அதான் தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், அது போட்ட இடத்துக்கு இந்த ரோட்டரி வேணும். கை பழகினவனுக்குத்தான் ஆகும். நம்ம வேலைக்கு இந்த டி.ஏ. மிஷின், டூயல் ஆக்‌ஷன்னு அர்த்தம். தன்னைத்தானே சுத்திக்கிட்டே அச்சை விட்டு விலகி ஆடும். அதனால சூடு கம்மி, கோலமும் விழாது. அழுத்தினா நின்னுருமே தவிர லேசுல பொசுக்காது. ஆட்டம் 8 மில்லிமீட்டர்ல இருந்து 21 வரைக்கும் இருக்கு. 21 பெரிய சமதளத்துல சட்டுனு முடிக்கும், வளைவுல திணறும். ஒரே மிஷின்தான் வாங்கப் போறோம்னா 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா வாங்கணும். 5 இஞ்ச் தட்டு, அதுக்கு அஞ்சரை இஞ்ச் ஃபோம் பேட். பேட் கொஞ்சம் பெரிசா இருக்கணும், இல்லாட்டித் தட்டு விளிம்பு பெயிண்ட்ல இடிக்கும். கதவுக் கைப்பிடி ஓரத்துக்கு 3 இஞ்ச் தட்டு ஒண்ணு தனியா.

ஆச்சி: பேட் ஒண்ணு போதும்ல?

தம்பி: வெட்டுறதுக்குக் குறைஞ்சது நாலு பேட் வேணும். ஃபோமுக்குள்ள சூடு தங்கிரும். ஒண்ணையே வச்சு ஓட்டினா நடுவுல உருகித் தட்டை விட்டுப் பிஞ்சுக்கும். மிஷின்ல மிச்சம் பிடிச்சாலும் பேட்ல பிடிக்காதீங்க.

(தம்பி கார் பெயிண்டைச் சுத்தம் செய்யும் களிமண் கட்டியை உருட்டி, சோப்புத் தண்ணி தெளித்துப் பானெட்டில் மெதுவாகத் தேய்க்கிறார்.)

ஆச்சி: பிள்ளையார் பிடிக்கிறியா?

தம்பி: கழுவினாலும் போகாம ஒட்டியிருக்கிற இரும்புத்தூள், தார், மரப்பிசின் எல்லாத்தையும் இது பிடுங்கும். இல்லைன்னா அதெல்லாம் பேட்ல மாட்டிப் புதுக் கோடு போடும். தண்ணி தெளிச்சு வழுக்கிக்கிட்டே இருக்கணும். (கட்டி கை நழுவித் தரையில் விழுகிறது.) போச்சு. இது குப்பைக்குத்தான்.

ஆச்சி: தரையில கல் பதிச்சிருக்கு, தினம் துடைக்கிற தரைப்பா!

தம்பி: சாப்பிடவே செய்யலாம் ஆச்சி, ஆனா பெயிண்ட்ல வைக்க முடியாது. ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போதும். (ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், பானெட் மடிப்பு ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார்.) காம்பவுண்டுன்னு பாலிஷை விட முரடான தேய்க்கிற பசை ஒண்ணு இருக்கு, அது இந்தப் பிளாஸ்டிக்ல காஞ்சா வெள்ளையாப் பிடிச்சுக்கும், லேசுல போகாது.

ஆச்சி: இப்பவாவது ஆரம்பி.

தம்பி: முதல்ல சோதனை. பானெட்ல 40 சென்டிமீட்டர் சதுரம். மிருதுவான பேட், மெல்லிய பாலிஷ். இதுல போகலைன்னாத்தான் காம்பவுண்ட். எடுத்த எடுப்பிலயே முரட்டுப் பேட் போடுறது...

ஆச்சி: முதல்ல கை வைக்கிறது.

தம்பி: அதேதான். புதுப் பேட்ல முகம் முழுக்கப் பாலிஷை லேசாத் தடவிப் பழக்கணும். பிறகு பட்டாணி அளவுல நாலு சொட்டு. மிஷினைப் பெயிண்ட் மேல வச்சுட்டுத்தான் சுவிட்ச். வேகம் 1-ல வச்சு முழுச் சதுரத்துக்கும் பரப்பி, அப்புறம் 4 இல்லாட்டி 5. குறுக்க ஒரு தடவை, நெடுக்க ஒரு தடவை, போன தடத்துல பாதியைத் தொட்டுக்கிட்டே அடுத்த தடம். இப்படி நாலுலருந்து ஆறு தடவை. ஒரு சாண் நகர ஆறேழு விநாடி ஆகணும்.

ஆச்சி: அம்மாடி! இந்த வேகத்துல தேய்ச்சா பேரன் கல்யாணத்துக்குத்தான் வண்டி கிளம்பும். கொடு, நான் பார்க்கிறேன்.

தம்பி: கனம் ஆச்சி, ரெண்டரைக் கிலோ.

ஆச்சி: ஆட்டுக்கல்லுல ஆட்டின கைப்பா இது. எம்புட்டு அழுத்தணும்?

தம்பி: மிஷின் எடையோட சேர்த்து அஞ்சு கிலோ. கைக்குப் பழகத் தராசுல அழுத்திப் பார்க்கலாம்.

(பலகாரம் நிறுக்கும் தராசு வருகிறது. ஆச்சி அணைத்த மிஷினைத் தட்டில் வைத்து அழுத்துகிறார். ஒன்பது கிலோ. பிறகு நான்கு. பிறகு ஐந்தே கால்.)

ஆச்சி: கால் கிலோ கொசுறு.

(ஆச்சி பானெட்டில் தொடங்குகிறார். சத்தம் வருகிறது, பேட் சுற்றவில்லை.)

தம்பி: தட்டு ஓரத்துல மார்க்கரால ஒரு கோடு போட்டிருக்கேன் பாருங்க. கோடு சுத்துறது தெரியணும். இப்ப நிக்குது, அப்படின்னா வெறுமனே அதிருது, வெட்டலை. நீங்க ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிக்கிறீங்க. படுக்க வைங்க.

ஆச்சி: இப்பச் சுத்துது! பளபளன்னு வருதே! ஏப்பா, இங்க பாரு... (மிஷினை அணைக்காமல் தூக்கிக் காட்டுகிறார். வெள்ளைத் துளிகள் சுவரெங்கும் தெறிக்கின்றன.)

தம்பி: ஆச்சி! அணைச்சுட்டுத் தூக்கணும்!

ஆச்சி: முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்ச்ச சுவருப்பா இது! எங்க ஐயா காலத்துச் சுவரு!

தம்பி: காயுறதுக்குள்ள ஈரத்துணி, லேசா ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க, சுவர்லயும் கோடு விழும்.

ஆச்சி: சுவருக்கும் மீட்டர் வச்சிருக்கியா?

(மின்சாரம் போகிறது.)

ஆச்சி: இன்வெர்ட்டர்ல போடு.

தம்பி: இது 900 வாட். வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. வர வரைக்கும் பேட் பிரஷால ஃபோமைத் தட்டிவிடுறேன், ஒவ்வொரு சதுரத்துக்கும் இதைச் செய்யணும். பழைய காம்பவுண்டும் எடுத்த பெயிண்டும் துவாரத்துல அடைச்சுக்கிட்டா வெட்டாது, புழுதிதான் பறக்கும்.

ஆச்சி: அதுவரைக்கும் வண்டியை வெளிய தள்ளி வைப்போம், இங்க புழுக்கமா இருக்கு.

தம்பி: வேண்டாம் ஆச்சி! இந்த வெயில்ல கறுப்புத் தகடு கையை வைக்க முடியாமச் சுடும். காம்பவுண்ட் போட்டதும் காஞ்சு அப்பிக்கும், துடைக்கப் போனா அதுவே கோடு. புறங்கையை வச்சா இதமா இருக்கணும், அப்பத்தான் வேலை.

(மின்சாரம் வருகிறது. சோதனைச் சதுரம் முடிகிறது. மெல்லிய பாலிஷ் போதாமல் ஒரு படி கூட்டிக் காம்பவுண்ட். தம்பி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்ததைத் தெளித்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கிறார்.)

ஆச்சி: நல்லாத்தானே மின்னுச்சு, அதை எதுக்குத் துடைக்கிற?

தம்பி: பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கோட்டை அடைச்சு மறைச்சுக்கும். இப்படித் துடைக்காம உங்ககிட்டக் காட்டிட்டுப் பணம் வாங்கிட்டுப் போயிரலாம். ரெண்டு தடவை கழுவினதும் கோடெல்லாம் திரும்ப வரும். எண்ணெய் போன பிறகு டார்ச்ல தெரியுறதுதான் நிஜம்.

ஆச்சி: வலை போயிருச்சு. அண்டா வட்டத்துல பாதி போயிருச்சு. மிச்சப் பாதி லேசா நிக்குது. மீட்டரை வை.

தம்பி: 109.

ஆச்சி: பற்று 3. (எழுதுகிறார்.) இன்னொரு தடவை வை. 111-ஆ? என்னப்பா, ஒரே இடத்துக்கு ரெண்டு கணக்கா?

தம்பி: மீட்டரே ரெண்டு மூணு முன்னப்பின்ன காட்டும் ஆச்சி. அதே புள்ளியில மூணு தடவை வச்சுச் சராசரி எழுதிக்கணும்.

ஆச்சி: இப்படி ஒரு தராசை வச்சு எங்க அப்பச்சி வியாபாரம் பண்ணியிருந்தாகன்னா இந்த வீடு எழும்பியிருக்காது. சரி, அந்த மிச்சப் பாதியை என்ன செய்யலாம்?

தம்பி: அதே கலர் டச்-அப் பெயிண்டைச் சின்ன பிரஷால பள்ளத்துல நிரப்பி, நல்லாக் காய விட்டு, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுச் சமப்படுத்தி, மறுபடி பாலிஷ். வாட்டர் பேப்பர் சுத்தியிருக்கிற நல்ல கிளியரையும் தின்னும். அப்படியே விட்டா மூணடி தள்ளி நிக்கிறவுகளுக்குத் தெரியாது.

ஆச்சி: சம்பந்திவீட்டுக்காரவுக மூணடிக்குள்ள வரமாட்டாக. விட்டுரு.

(கூரை, வலது பக்கம், டிக்கி எல்லாம் முடிந்து, மென்மையான பேடில் இறுதிப் பாலிஷ். இடது பின்கதவில் காம்பவுண்ட் தொடாமல் மெல்லிய பாலிஷ் மட்டும் இரண்டு தடவை. கடைசியாகப் பெயிண்டைக் காக்கும் சீலன்ட் பூச்சு.)

தம்பி: நாளைக்குக் காலை வரைக்கும் தண்ணி படக் கூடாது. இனிமே டிரைவருக்கு வறட்டுத் துணி தடை. ரெண்டு வாளி, ஒண்ணுல ஷாம்பூ, இன்னொண்ணுல அலசுறதுக்கு. டயருக்குத் தனித் துணி. உப்புத் தண்ணி காய விடாம உடனே மைக்ரோஃபைபர் டவலால ஒத்தி எடுக்கணும், இல்லாட்டி வெள்ளைப் பொட்டு விழும், அதுக்கு மறுபடி நான் வரணும்.

ஆச்சி: நீ வந்தா மறுபடி பற்று. அவனுக்கு நானே சொல்லிக்கிறேன். ஏப்பா, வெளிச்சத்துல பார்த்தா அந்த இடது கதவு மட்டும் கொஞ்சம் ஆரஞ்சுத்தோலாத் தெரியுதே.

தம்பி: மறுபடி பெயிண்ட் அடிச்ச கதவு அப்படித்தான் ஆச்சி. அதைத் தேய்ச்சுச் சமம் பண்ண நான் கை வைக்க மாட்டேன். போட்டோக்காரரை வலது பக்கம் நின்னு எடுக்கச் சொல்லிருங்க.

ஆச்சி: அவரு எங்கனயும் நின்னு எடுக்கட்டும். மாப்பிள்ளை அழைப்பு முடியுற வரைக்கும் அந்தக் கதவை மறைச்சு நிக்க ஒரு ஆள் இருக்கான். (செல்போனை எடுக்கிறார்.) அப்பு, ஆத்தா பேசுறேன். உன் உசரம் என்னப்பா? ... இல்லை, சும்மா கேட்டேன். திருச்சிக்குப் போன கதையை நேர்ல வந்து சொல்லு.