ஐரோப்பாவை யார் ஆராய்வது?

ஐரோப்பாவை ஆராயும் மானிடவியலாளர்களுக்கான ஒரு வலையமைப்பை நடத்தும் பொறுப்பு என்னிடமும் இன்னொரு தோழியிடமும் இருக்கிறது. சம்பளம் இல்லாத பொறுப்பு. இதைப் பற்றி நீளமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அடுத்த மாநாட்டுக்கான அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கிவிட்டதால் இப்போது எழுதிவிடுகிறேன். நீளத்துக்கு மன்னிக்கவும்.

"மானிடவியல்னா பழங்குடி மக்களைப் பத்தின படிப்புதானே, ஐரோப்பாவுல போய் என்னத்த ஆராயப் போறே?" என்று ஊரில் கேட்பார்கள். நல்ல கேள்வி. இந்தத் துறையே ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. பாரிஸில் 1937இல் இரண்டு அருங்காட்சியகங்களை உருவாக்கினார்கள். உலகத்து மனிதர்களுக்கெல்லாம் ஒன்று. பிரெஞ்சுக் குடியானவர்களின் கலைக்கும் வழக்கத்துக்கும் தனியாக இன்னொன்று. இரண்டும் ஒரே மாளிகைக்குள்தான் இருந்தன. ஆனாலும் அங்கிருந்து வளர்ந்த ஆய்வு மரபுகள் வேறு வேறு. வெளியே போய் மற்றவர்களை ஆராய்வது ஒரு படிப்பு, சொந்த ஊர் வழக்கங்களைச் சேகரிப்பது இன்னொரு படிப்பு. ஜெர்மனியிலும் இதே பிரிவினை இருந்தது. அங்கே இரண்டாவது படிப்பை நாஜிகள் தங்கள் இனவாதத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தக் கறையைக் கழுவ போருக்குப் பின் வந்த தலைமுறை கடுமையாக உழைக்க வேண்டியிருந்தது.

அந்தக் குடியானவர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர்தான் லூயி துமோன். தமிழ்நாட்டில் சமூகவியல் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். 1949இலும் 1950இலும் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் மக்களிடையே தங்கி ஆய்வு செய்து, 1957இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். அங்கே வருவதற்கு முன் அவர் ஆராய்ந்தது பிரான்சின் தெற்கே தாராஸ்கோன் என்ற ஊரின் திருவிழாவை. தாராஸ்க் என்ற பூத விலங்கின் உருவத்தைத் தெருத்தெருவாக இழுத்து ஓடும் திருவிழா அது. அந்தப் புத்தகம் 1951இல் வந்தது. பின்னாளில் இந்தியாவில் கற்றதை வைத்துக்கொண்டு மேற்கத்திய தனிமனிதக் கொள்கை எப்படிப் பிறந்தது என்று கேட்கத் தொடங்கினார். சாதி பற்றி அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லாதவை நிறைய. ஆனால் தாராஸ்கோனுக்குப் போன கண்ணோடு உசிலம்பட்டிப் பக்கம் வந்தார், அங்கே கற்ற கேள்விகளோடு ஐரோப்பாவுக்குத் திரும்பினார் என்பது எனக்கு முக்கியம். நான் மதுரைக்காரி. எங்கள் பக்கத்து மனிதர்களைப் பார்த்து ஒருவர் ஐரோப்பாவைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார் என்றால், எங்கள் பக்கத்து மனிதர்களே நேராகப் போய் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

அப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் ஜி. பிரகாஷ் ரெட்டி 1980களின் கடைசியில் டென்மார்க்கின் ஒரு சிறு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். அண்டை வீட்டார்கூட முன்னதாகச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை என்பதும், முதியவர்கள் பிள்ளைகளைப் பிரிந்து தனியாக இருப்பதும் அவர் கண்ணில் பட்டன. 1990களின் தொடக்கத்தில் அவருடைய புத்தகம் வந்தது. டென்மார்க்கில் பேசினார்கள், விவாதித்தார்கள். நூறு ஆண்டுகளாக நம் ஊருக்கு வந்து நம்மை எழுதிக்கொண்டு போனவர்களுக்கு, தங்களை இன்னொருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு அது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே உருவாகியிருக்க வேண்டும். உருவாகவில்லை. ஆர்வம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. பணமும் விசாவும் வேலையும் அமைப்புகளும் சேர்ந்து போட்டிருக்கும் கதவு அது. அந்தக் கதவின் ஒரு சிறு தாழ்ப்பாள் எங்களைப் போன்ற ஒருங்கிணைப்பாளர்கள் கையில் இருக்கிறது.

இந்த அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க மானிடவியல் சங்கத்துக்குள் ஐரோப்பிய மானிடவியலுக்கான கழகம் 1986இல் தொடங்கியது. ஐரோப்பிய சமூக மானிடவியலாளர் சங்கம் 1989 ஜனவரியில் இத்தாலியின் காஸ்தெல் கந்தோல்ஃபோவில் பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. அதனால் மேற்கே பிறந்த அந்தக் குழந்தை, தொடக்கத்திலேயே கிழக்கையும் சேர்த்துக்கொண்டு வளர வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் முன்பே, 1964இல், நாட்டார் வழக்காற்றியல்காரர்களுக்கும் இனவியல்காரர்களுக்குமாக ஒரு பன்னாட்டுச் சங்கம் வந்துவிட்டது. பெரிய சங்கங்களுக்குள்ளே வட்டாரத்துக்கும் பொருளுக்கும் ஏற்பச் சிறுசிறு வலையமைப்புகள் இருக்கும். ஐரோப்பிய சங்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு. அங்கே உறுப்பினர்கள் கூடி ஒருங்கிணைப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். தாய்ச் சங்கத்திடம் விண்ணப்பம் போட்டால் பட்டறை நடத்தக் கொஞ்சம் பணம் கிடைக்கும்.

மீதி எல்லாம் ராத்திரி வேலை. கட்டுரைச் சுருக்கங்களைப் படிப்பது, அமர்வுகளைச் சேர்ப்பது, அழைப்புக் கடிதம் எழுதுவது, விசாவுக்கு இன்னொரு கடிதம் எழுதுவது, வரமுடியாதவரின் இடத்துக்கு ஆள் தேடுவது. எழுத்தர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் தலைக்கட்டு வரிக்கு நோட்டுப் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அந்த நோட்டில் யார் பெயர் ஏறுகிறதோ அவர்தான் ஊர்க்காரர், மற்றவர் வேடிக்கை பார்ப்பவர். அமர்வுப் பட்டியல் தயாரிக்கும்போது எனக்கு அந்த நோட்டு நினைவுக்கு வரும்.

எப்படி என்று சொல்கிறேன். இரண்டு கட்டுரைச் சுருக்கங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேற்கு ஐரோப்பாவின் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து. ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போகும், இந்த ஆண்டு எல்லோரும் பேசும் கோட்பாட்டாளர்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும், களம், அதாவது மக்களிடையே நேரில் தங்கிப் பழகியது, மட்டும் மெலிந்திருக்கும். இன்னொன்று ருமேனியாவிலிருந்தோ பல்கேரியாவிலிருந்தோ. ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், மேற்கோள்கள் எல்லாம் உள்ளூர் மொழிப் புத்தகங்கள், ஆனால் ஒரே கிராமத்தில் பல ஆண்டுகள் பழகியவர் எழுதியது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். முதலாவதைக் கோட்பாடு என்றும் இரண்டாவதைத் தரவு என்றும் பிரித்துவைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. போலந்தின் போஸ்னன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் மிஹாவ் புஹோவ்ஸ்கி 2004இலேயே இந்த அறிவுப் படிநிலையைப் பற்றிக் கடுமையாக எழுதினார். அதன் பிறகு பெரிய விவாதம் நடந்தது. பழக்கம் போகவில்லை.

வரலாற்றைச் சொல்வதிலேயே இது இருக்கிறது. ஐரோப்பிய மானிடவியல் எங்கே தொடங்கியது என்று மாணவர்களைக் கேட்டால், 1930களில் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக்குப் போன அமெரிக்கர் கான்ராட் ஆரென்ஸ்பெர்க்கையும், ஆந்தலூசிய மலைக் கிராமம் பற்றி 1954இல் புத்தகம் வெளியிட்ட ஆங்கிலேயர் ஜூலியன் பிட்-ரிவர்ஸையும் சொல்வார்கள். இருவரும் பெரியவர்கள்தான். ஆனால் ருமேனியாவின் புகாரெஸ்டில் சமூகவியலாளர் திமித்ரியே குஸ்தி 1925லேயே மாணவர்களையும் மருத்துவர்களையும் இசை வல்லுநர்களையும் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருந்தார். 1925இல் கோய்ச்சா மாரே, 1927இல் நெரெஜ், 1929இல் திராகுஷ். கோடை விடுமுறை வந்தால் ஒரு கிராமம். 1936இல் புகாரெஸ்டில் கிராம அருங்காட்சியகத்தையே திறந்தார்கள். அவர்கள் ருமேனியர்கள், ருமேனிய மொழியில் எழுதினார்கள், சொந்த நாட்டை ஆராய்ந்தார்கள். அதனால் "தொடக்கம்" என்ற இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

எங்கள் வலையமைப்பில் இப்போது ஒவ்வொரு சுருக்கத்தையும் இரண்டு பேர் படிக்கிறோம். அவர்களில் ஒருவர் கட்டாயம் அந்த வட்டாரத்து மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்காக யாரையும் நிராகரிப்பதில்லை. திருத்த உதவி வேண்டுமென்றால் நாங்களே உட்கார்ந்து செய்கிறோம். வேலை இரட்டிப்பாகிறது, உண்மைதான். ஆனால் இதைச் செய்யாமல் "ஐரோப்பா" என்ற பெயரை எங்கள் தலைப்பில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

விசா பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக ஏறியது. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. ஐரோப்பிய சங்கத்தின் 2022 மாநாடு பெல்ஃபாஸ்ட்டில் நடந்தது. அது பிரிட்டனில் இருக்கிறது, ஷெங்கனுக்கு வெளியே. ஜெர்மனியிலோ போர்ச்சுகலிலோ சட்டப்படி வேலை பார்க்கும் ஒரு இந்திய ஆய்வாளர்கூட அதற்குத் தனியாக விசா எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் இத்தாலியரோ அப்போது பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட முடிந்தது. எங்கள் பட்டறை ஒன்றுக்கு வரவேண்டிய ஒரு ஆய்வாளருக்கு, எல்லாக் கடிதங்களும் இருந்தும், "திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை" என்று காரணம் காட்டி ஒரு தூதரகம் விசா மறுத்தது. அந்தப் பெண் ஆராய்வது ஐரோப்பிய எல்லைக் காவலைத்தான்.

2020இல் லிஸ்பனில் நடக்க வேண்டிய மாநாடு கொரோனாவால் முழுக்க இணையத்துக்குப் போனது. விசாவாலும் பணத்தாலும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பலருக்கு அதுதான் முதல் மாநாடு. பிறகு நிலைமை சீரானதும் "நேரில் சந்திப்பது போல வருமா, இணைய ஏற்பாட்டுக்குச் செலவு அதிகம், நிறுத்திவிடலாம்" என்ற குரல்கள் கிளம்பின. நேரில் சந்திப்பதன் அருமை எனக்கும் தெரியும். காபி குடிக்கும் இடைவேளையில் கிடைத்த நட்புகளால்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். இருந்தாலும், வருகிறவர்களின் வசதிக்காக வரமுடியாதவர்களை மறுபடியும் வெளியே நிறுத்த ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு அமர்விலும் இணைய வழி ஒரு இடமாவது இருக்க வேண்டும் என்று நானும் தோழியும் அடம்பிடித்து வாங்கியிருக்கிறோம்.

என் களத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பிடிவாதம் அங்கிருந்துதான் வருகிறது. போர்ச்சுகலின் அலென்தேஜு பகுதி. பெரும் நிலக்கிழார்களும் நிலமற்ற கூலிகளுமாக இருந்த அந்த மண்ணைப் பற்றி ஜோசே குத்திலேய்ரோ, பின்னாளில் தூதராகப் போனவர், 1971இல் ஒரு அருமையான புத்தகம் எழுதியிருக்கிறார். இன்று அதே அலென்தேஜுவின் கடலோரத்தில், ஓடெமிராவில், பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெரி விளைகிறது. பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் நேபாளிகள், பஞ்சாபிகள், வங்கதேசத்தவர். 2021இல் கொரோனாவுக்காக ஓடெமிராவின் இரண்டு பகுதிகளைச் சுற்றி அரசு தடுப்பு வளையம் போட்டபோதுதான், ஒரே அறையில் எத்தனை பேரை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று நாடே பேசியது. இந்தத் தொழிலாளர்கள் ஐரோப்பாவுக்குள் இருப்பவர்கள், ஐரோப்பாவை உண்டாக்குகிறவர்கள். இவர்களோடு அவர்கள் மொழியில் பேசக்கூடிய, குருத்வாராவிலும் தாபாவிலும் இயல்பாகப் போய் உட்காரக்கூடிய ஆய்வாளர்கள் அம்ரித்சரிலும் காத்மாண்டுவிலும் டாக்காவிலும் இருக்கிறார்கள். அவர்கள் "ஐரோப்பியவாதிகள்", அதாவது ஐரோப்பாவை ஆராய்கிறவர்கள், பட்டியலில் இல்லை. எங்கள் பட்டியலில் அவர்களைச் சேர்ப்பதுதான் இந்தப் பதவிக்காலத்தில் நான் செய்ய விரும்பும் முக்கியமான வேலை.

எழுதப்படுகிறவர்களும் அறைக்குள் வரவேண்டும். ஐரோப்பாவில் நாம் எழுதுவதை அவர்கள் சீக்கிரமே படித்துவிடுகிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹ்யூஸ் 1979இல் அயர்லாந்துக் கிராமம் ஒன்றின் மனநோய் பற்றி எழுதிய புத்தகம் விருது வாங்கியது. 1999இல் அவர் அங்கே திரும்பிப் போனபோது கிராமத்தார் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெயரை மாற்றி எழுதியிருந்தும் ஒவ்வொருவருக்கும் தன்னை அடையாளம் தெரிந்திருந்தது. இந்தக் கதையை எங்கள் பட்டறைகளில் புதிய மாணவர்களிடம் தவறாமல் பேசுகிறோம்.

கடைசியாகப் பணம். 2020இல் ஐரோப்பிய சமூக மானிடவியலாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் வேலை நிலைமை பற்றி ஒரு விரிவான கணக்கெடுப்பு அறிக்கை வெளியிட்டது. தற்காலிக ஒப்பந்தங்களில், ஊர் ஊராக, நாடு நாடாக அலையும் வாழ்க்கை எத்தனை பரவலானது என்று அதில் தெரியும். அந்த நிலையில் இருப்பவர்கள்தான் வலையமைப்புகளைச் சுமக்கிறார்கள், என்னையும் சேர்த்து. என் ஒப்பந்தம் முடிந்த பிறகு நான் எந்த நாட்டில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த உழைப்பை வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்கள் கணக்கில் வைக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர்களுக்குச் சந்தாவும் மாநாட்டுக் கட்டணமும் தள்ளுபடி செய்ய வேண்டும், முடிந்தால் சிறு மதிப்பூதியமும் தர வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தர வேலை கிடைத்துவிட்டவர்கள் மட்டுமே இதைச் செய்ய முடியும். அவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரர்கள், எந்தப் பாஸ்போர்ட்காரர்கள் என்று உங்களுக்கே தெரியும். இதைத் தாய்ச் சங்கங்களின் கூட்டங்களில் சொல்லிவருகிறேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ மானிடவியல், சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் படித்துவிட்டு ஐரோப்பாவை ஆராய ஆசைப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பேல் கடைத்தெருவோ ஜெர்மனியின் ஹாம் காமாட்சி அம்மன் கோயிலோதான் உங்கள் பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை. பவேரியப் பால் பண்ணையோ பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய அலுவலகமோ உங்களைக் கூப்பிட்டால் அதையே எடுங்கள். கட்டுரைச் சுருக்கம் ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதி அனுப்பினாலும் சரி, ஆங்கிலத்துக்கு மாற்றுவதைச் சேர்ந்து செய்யலாம். இணைய வழிக்கான இடங்கள் இன்னும் நிரம்பவில்லை.