கூரைமேல் வந்தமரும் பாறு கழுகுகள்

கிராமத்தில் தனித்து நிற்கும் வீட்டின் கூரைமீது பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு வந்து அமர்ந்தால், யாருக்கோ சாவு நெருங்கிவிட்டது என்று பதறுவோரும், அது கோழிக்குஞ்சையும் குழந்தையையும் தூக்கிப் போய்விடும் என்று கல்லெடுப்போரும் இன்றும் இருக்கிறார்கள். என் வீட்டுக்குப் பின்னாலுள்ள பட்டுப்போன மரத்தில் அவை இறங்குவதைப் பல காலமாகப் பார்த்துவருபவன் என்ற முறையில், இரண்டு அச்சங்களுக்கும் ஆதாரமில்லை என்றே சொல்வேன். அவற்றால் நமக்கு வரும் கேட்டைவிட நம்மால் அவற்றுக்கு வந்த கேடு பன்மடங்கு பெரிது.

இரையைப் பற்றித் தூக்கிச் செல்லும் வலிமை பாறின் கால்களுக்குக் கிடையாது. பருந்துக்கு உள்ள கூர்நகப் பிடி அதற்கு இல்லை. தரையில் நடப்பதற்கும், கிடக்கும் உடலை மிதித்துக்கொண்டு அலகால் கிழிப்பதற்குமே அந்தக் கால்கள் உதவும். காலை வெயிலில் இறக்கைகளை அகல விரித்து அசையாமல் நிற்பதைப் பார்த்துத்தான் பலர் மிரளுகிறார்கள். இரவுப் பனியில் நனைந்த இறகுகளை உலர்த்தி, உடலைச் சூடேற்றிக்கொண்டு, தரையிலிருந்து வெப்பக் காற்று மேலெழும் நேரத்துக்காக அது காத்திருக்கிறது, அவ்வளவே. அந்தக் காற்று கிடைத்துவிட்டால் இறக்கையை அடிக்காமலேயே நெடுந்தூரம் மிதந்து போய்விடும். அருகில் சென்று விரட்டினால் வயிற்றில் இருப்பதைக் கக்கிவிட்டுப் பறக்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறுமுறை விரட்டப் போகமாட்டார்.

விதிவிலக்கு ஒன்று உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் கரும்பாறு, ஈன்றுகொண்டிருக்கும் பசுவைக் கூட்டமாகச் சூழ்ந்து, பிறந்த கன்றைக் கொத்திக் கொன்றுவிடுவது உண்டு. வாகனங்களின் ரப்பர்ப் பட்டைகளையும் பிய்த்துப் போடும். அங்குள்ள பண்ணையாளர்களின் கோபம் நியாயமானதே. ஆயினும் துப்பாக்கியைவிட நல்ல வழி இருக்கிறது: செத்த பாறு கழுகைப் போன்ற பொம்மையொன்றை அவை அடையும் மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால், கூட்டம் பெரும்பாலும் வேறிடம் தேடிப் போய்விடுகிறது.

தெற்காசியாவிலோ பறவைதான் பலியானது. 1990-களில் தொடங்கி, வெண்முதுகுப் பாறு உள்ளிட்ட மூன்று இனங்கள் சுமார் பதினைந்தே ஆண்டுகளில் அழிவின் விளிம்புக்குப் போயின. இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் மறைந்தன. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் ஊசியே காரணம் என்பது 2004-இல்தான் வெளியானது. அந்த மருந்து ஏறிய மாடு சில நாள்களுக்குள் இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்மையாகப் படிந்து, பறவை செத்துவிடும். இந்தியா 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-இல் குப்பியின் அளவையே 3 மில்லிலிட்டராகக் குறைக்க வேண்டியிருந்தது. பாறுக்குக் கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய வலி மருந்துகளைக் கால்நடைகளுக்குப் போடுவதற்கான தடை 2023-இல்தான் வந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவைக்கு இந்தத் தாமதம் எத்தகைய கொடுமை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சினமே மூளுகிறது. ஏனெனில் அவற்றுக்கு மாற்றான மெலோக்சிகம் என்ற வலி மருந்து பாறுக்குத் தீங்கு செய்யாது என்பது 2006-லேயே தெரிந்திருந்தது.

ஆகவே மாடு வைத்திருப்பவர், ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைத் தயங்காமல் கேட்டு, மெலோக்சிகம் போட முடியுமா என்று விசாரிக்க வேண்டும். அப்படி வைத்தியம் பார்த்த மாடு இறந்துபோனால், எந்த மருந்து ஏறியது என்று தெரியாதபோது அதைத் திறந்தவெளியில் போடாமல் ஆழப் புதைப்பதே முறை. கன்றை அடித்த விலங்கைப் பழிவாங்க எஞ்சிய உடலில் நஞ்சு தடவி வைக்கும் பழக்கம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2019-இல் போட்ஸ்வானாவில், வேட்டைத் திருடர்கள் நஞ்சிட்ட மூன்று யானைகளின் உடல்களைத் தின்று 537 பாறுகள் மாண்டன. வீட்டுக்குப் பின்னால் நாய்க்கோ சிறுத்தைக்கோ வைக்கும் நஞ்சும் அதே வேலையைத்தான் செய்கிறது.