அழகைப் பற்றி காண்ட் அப்படிச் சொல்லவில்லை

"அழகு பார்ப்பவர் கண்ணில்தான் இருக்கிறது" என்ற வரி, தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் படத்தோடு புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது அவர் சொன்னதல்ல. 1790இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டது கிட்டத்தட்ட நேர் எதிர்.

எனக்குக் காபி பிடிக்கும், உங்களுக்கு டீ. சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் கடற்கரைச் சாலையில் நின்று விடியலை "அழகு" என்று சொல்லும்போது, பக்கத்தில் நிற்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். காண்ட் பிரித்துக் காட்டியது இதைத்தான். அதற்காக, விதி போட்டு அழகை நிரூபிக்கலாம் என்றும் அவர் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு நம் உணர்விலிருந்துதான் பிறக்கிறது என்றார். அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் குழப்பம்தான் வரும்.

அந்த வரி இன்றைய ஆங்கில வடிவில் வந்தது 1878ஆம் ஆண்டு நாவல் ஒன்றில். காண்ட் இறந்தது 1804இல்.