பெரிய இன நாய்க்குட்டிக்கு கால்சியம் மாத்திரை வேணுமா?
மேல ஒருத்தர் "பெரிய ப்ரீட் குட்டி, எலும்பு பெருசா வளரணும், அதனால சாப்பாட்டோட தினமும் கால்சியம் பவுடர் கலந்து குடுங்க"ன்னு போட்டிருக்காரு, அது தப்புங்க, தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. வளர்ந்த நாய் உடம்பு தேவைக்கு மேல வர்ற கால்சியத்தை குடல்லயே ஓரளவு தடுத்துடும், ஆனா சின்ன குட்டிக்கு, முக்கியமா முதல் 6 மாசம், அந்த கன்ட்ரோல் சரியா இருக்காது, போடுறதுல நிறைய உள்ள போயிடும், மூட்டும் எலும்பும் கோணலா வளர அதுவே காரணமாகலாம். கிரேட் டேன்ங்கிற பெரிய இன நாயோட குட்டிங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணியே பார்த்துட்டாங்க.

கடையில வாங்குற நாய் சாப்பாட்டு பாக்கெட்ல "பெரிய இன குட்டிகளின் வளர்ச்சிக்கு"ன்னு இருக்கான்னு பாருங்க, அதாவது வளர்ந்தா 32 கிலோவுக்கு மேல போற நாய். அமெரிக்காவுல பிராணிகள் சாப்பாட்டுக்கு அளவு வகுக்கிற ஆஃப்கோ (AAFCO) அமைப்போட கணக்குப்படி அதுல ஈரம் நீக்கின கணக்குல கால்சியம் 1.8 சதவீதத்தை தாண்டக்கூடாது. அப்படி ஒரு சாப்பாடு குடுத்துட்டு மேல பவுடரும் போட்டா என்ன பிரயோஜனம்?

அப்புறம் புரோட்டீனால மூட்டு போகும்னு இன்னொருத்தர், அதுவும் பழைய கதை. குட்டி குண்டாகுறதுதான் பிரச்சனை, கொழுகொழுன்னு இருந்தா நமக்கு அழகாத்தான் தெரியும் ஆனா தடவினா விலா எலும்பு கைல தட்டுப்படணும். வீட்லயே சமைச்சு குடுக்கிறவங்க மட்டும் கால்சியம் கணக்கை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, வெறும் கறி சோறுல அது ரொம்ப கம்மி.