இரண்டு நிமிடம் என்றால் 120 விநாடி

நேற்று முழுக்க அந்த பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) வீடியோதான். கார்கில் வெற்றி தினம், நினைவுத் தூண், லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசையை ஊதுகிறவருக்கு உச்ச ஸ்வரம் பிசிறுகிறது. உடனே சிரிப்பு எமோஜி மழை. சிரியுங்கள். அதே வீடியோவை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தீர்களா? இரண்டு நிமிட மௌன அஞ்சலி தொடங்கி 22வது விநாடியில் மைக்கில் "அடுத்ததாக, நம் அன்புக்குரிய..." என்று குரல் வருகிறதே, அதற்கு ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை?

இரண்டு நிமிடம் என்றால் 120 விநாடி. 22 அல்ல.

பியூகிளில் வால்வு கிடையாது. இருப்பதே ஐந்தாறு ஸ்வரம், அத்தனையும் உதட்டு இறுக்கத்தில்தான் பிறக்கவேண்டும். சிறப்பு விருந்தினர் வரும்வரை ஆளை வெயிலில் நிறுத்திவைத்தால் உதடு காய்ந்து பிசிறத்தான் செய்யும். ஊதுகிறவரைக் கடைசியில் வரச்சொல்லுங்கள், ஓரமாக நாலு ஸ்வரம் ஊதிப் பார்க்க விடுங்கள். பிழை அவருடையது அல்ல.

மலர்வளையம் வைத்ததும் 'ஷோக் சஸ்திர' கட்டளை. துப்பாக்கி முனை தரையைப் பார்க்கும், தலைகள் குனியும். பிறகு லாஸ்ட் போஸ்ட். அதன் கடைசி ஸ்வரம் ஓய்ந்த கணம் மௌனம் தொடங்குகிறது, 'ரவுஸ்' என்ற துயிலெழுப்பும் பியூகிள் இசை ஒலிக்கும்போது முடிகிறது. இடையில் யாருக்கும் வாய் கிடையாது. ஒருவர் ஸ்டாப்வாட்ச் பார்த்து பியூகிளருக்குக் கை காட்டினால் போதும். மைக்கை மிக்சரிலேயே அணைத்துவிடுங்கள். மனக்கணக்கு வேண்டவே வேண்டாம், மேடையில் நிற்பவருக்குப் பத்து விநாடியே ஒரு யுகம்.

"ஊத ஆள் கிடைக்காவிட்டால் செல்போனில் போடக்கூடாதா?" போடுங்கள். முன்கூட்டியே இறக்கிவைத்து, ஃபிளைட் மோடில். இல்லையென்றால் நடுவில் சோப்பு விளம்பரம் வரும். "பிள்ளைகள் வெயிலில் மயங்கிவிடுவார்கள்." நியாயம்தான், வரவேற்புரையை வெட்டுங்கள். "உணர்வுதானே முக்கியம், சடங்கு எதற்கு?" ஆகா! பொன்னாடை வரிசையில் ஒரு பெயர் முன்பின் மாறினால் மட்டும் சடங்கு எவ்வளவு முக்கியமாகிவிடுகிறது.

அங்கே கொடி வேறு அரைக்கம்பத்தில். அரசு அறிவித்தால் மட்டுமே அது. வெற்றி தினத்தில் எதற்கு? அறிவித்த நாளிலும் உச்சிவரை ஏற்றித்தான் பாதிக்கு இறக்கவேண்டும், மாலையில் மறுபடி உச்சிக்குப் போய்த்தான் கீழே வரவேண்டும். யாரிடம் சொல்வது.

கார்கில் போரில் மேஜர் சரவணன் 1999 மே மாதம் பட்டாலிக் மலையில் விழுந்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலானது. அதுவரை அவர் அந்த மலையிலேயே கிடந்தார். நமக்கு 120 விநாடி நிற்கக் கால் வலிக்கிறது.

இன்னொன்று. அந்த வீடியோவில் ரவுஸ் கடைசிவரை ஊதப்படவே இல்லை. வரவேற்புரை அதை விழுங்கிவிட்டது. முன்வரிசை சோபாக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால், மகனின் படத்தை மார்போடு பிடித்தபடி ஒரு அம்மா தலைகுனிந்து நின்றுகொண்டே இருக்கிறார்.