யார் கூப்பிட்டது இவர்களை?

பவர் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். அவ்வளவுதானே? இல்லை. முதலில் அந்தச் சுற்றும் வட்டத்தைத் தரிசிக்க வேண்டும். டெஸ்க்டாப் வந்துவிட்டதே என்று நம்பி மவுஸைத் தொட்டால், அங்கேயும் வட்டம்! வந்தது வெறும் வால்பேப்பர்தான்.

உள்ளே, கம்ப்யூட்டரோடு தானாகவே கிளம்பும் ஒரு பெரிய கூட்டம் முண்டியடிக்கிறது. அரட்டை செயலி, பாட்டு செயலி, எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டரின் மென்பொருள், அதற்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று வேவு பார்க்க இன்னொன்று. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் போய் ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்து துரத்தினால், அடுத்த அப்டேட்டில் சில திரும்பி வந்து உட்காருகின்றன. டிஸ்க் 100% வேலையில் இருக்கிறது என்று காட்டுகிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க், பாவம், எத்தனை பேருக்குத்தான் ஓடும்? சுற்றாமலே வேகமாக ஓடும் எஸ்எஸ்டி டிஸ்க் போடு என்கிறார்கள். சரி, போடலாம். இந்தக் கூட்டம் சொகுசாக உட்கார நான் செலவு செய்ய வேண்டுமா?

அப்புறம், சீக்கிரம் தொடங்குவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையாதாம். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கம் போடுமாம். சுத்தமாகப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டுமாம். அணை என்றால் தூங்கும், மறுபடி ஓடு என்றால்தான் ஒழுங்காக அணையும்! எந்தப் புண்ணியவான் யோசித்தது இதை?