கல்யாண போட்டோகிராபர்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஹாலில் கேமராக்காரர்கள், உதவி இயக்குநர்கள் என்று நாற்பது பேர் கூடிப் பேசினோம். எப்படி இந்த வேலைக்கு வந்தோம், எங்கே அடிபட்டோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இரண்டு படம் ஒளிப்பதிவு செய்த ஒரு தம்பி, "நடுவுல சோத்துக்குக் கல்யாணமெல்லாம் எடுத்தேன்ணே" என்று சொல்லிவிட்டு, திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. 19 வருஷமாகப் பழைய வண்ணாரப்பேட்டையில் நான் தின்பது அந்தச் சோறுதான்.

தம்பி, உனக்கு வெளிச்சம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது எது? தெருவை அடைத்துப் போட்ட பந்தல். மேலே சிவப்புத் துணி. மண்டபத்தில் அடிக்கிற பழக்கத்தில் பிளாஷை மேலே திருப்பி அடித்தால், துணியின் சிவப்பு மொத்தமும் முகத்தில் இறங்கும். என் முதல் கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் தக்காளி மாதிரி வந்தார்கள். பாதிப் பணம் வரவேயில்லை. பக்கத்தில் டியூப் லைட் ஒரு நிறம், வீடியோக்காரர் லைட் ஒரு நிறம், பின்னால் மினுக்குகிற சீரியல் செட். வேட்டி பளீர் வெள்ளை, மாப்பிள்ளை நல்ல கருப்பு. கேமராவை அதன் போக்கில் விட்டால் வெள்ளையைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் வேட்டியின் மடிப்பு காணாமல் போகும். அதற்குள் மூணு முடிச்சும் விழுந்துவிடும். ஒன் மோர் கேட்க முடியாது.

'காக்கா முட்டை' எடுத்த மணிகண்டனும் கல்யாண வீட்டில் கேமராவோடு நின்றவர்தான். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சரி, எங்கள் பக்கமும் அழுக்கு உண்டு. "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள், நாங்களும் வெளுத்துக் கொடுப்போம். பிலிம் காலத்தில் நெகட்டிவ்வில் பென்சிலால் தீட்டி முகத்தைச் சரிசெய்தார்கள். இப்போது மவுஸ், அவ்வளவுதான். ஆனால் சினிமாக்காரர்கள் இதற்கு நேர்மாறு. வட சென்னை என்றாலே ஒரு பழுப்பைப் பூசி, ஆட்களை இன்னும் கருக்கிவிடுகிறார்கள். நாங்கள் வெளுக்கிறோம், அவர்கள் கருக்குகிறார்கள். இந்த ஊர்க்காரன் தன் நிறத்தில் எங்கேதான் இருப்பான்?

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்ட வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்திருக்கும், காசிமேட்டில் போட்டுகள் வந்துபோகும். அப்போதுதான் எனக்காகப் படம் எடுக்கிறேன். விடியும் முன்னே போய் நின்றால் ஐஸின் வெள்ளை, கூடைகளின் நீலம், வஞ்சிரத்தின் பளபளப்பு. பழுப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குப் பழனிகுமார் போட்டோ எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். இந்தத் தெருவை வெளியாள் வந்து எடுப்பது வேறு, அந்தத் தெருப் பிள்ளையே எடுப்பது வேறு. அன்றைய கூட்டத்தில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. லென்ஸ் விலையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் ஓடியது.

இன்னொன்று. போன மாசம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் தவறிவிட்டார், கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும், ஆதார் கார்டு படத்தில் ஆளே தெரியவில்லை. "2014-ல எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு நீதானப்பா எடுத்தே" என்றார். பழைய ஹார்டு டிஸ்க்கை எல்லாம் குடைந்தேன். பந்தியில் மூணாவது இலையில் இருந்தார் மனுஷன். யாரோ ஏதோ சொல்ல, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார், கையில் அப்பளம். சும்மா பந்தியையும் ரெண்டு எடுத்து வைப்போம் என்று எடுத்த படம்.

அந்த அம்மா ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்பளத்த மட்டும் எடுத்துடுப்பா, சிரிப்பு அப்படியே இருக்கட்டும்" என்றார்.